முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? சி.எம்.எம்.மில் சாய்ந்த தளங்களுக்கு வெக்டார் போடுவது

சி.எம்.எம். என்பது ப்ரோப் என்கிற தொடு ஊசியால் ஜாப்பை (வேலைத்துண்டை) தொட்டு அளக்கும் மெஷின். அதற்கு ப்ரோகிராம் எழுதப் புதிதாக உட்காருகிற பையன்கள் பெரும்பாலான வேலையைச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். மேல் முகம், பக்க முகம், துளை, துளைகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் (பிசிடி) எல்லாம் வந்துவிடும். டிராயிங்கில் ஒரு முகம் சாய்ந்து நின்றால் மட்டும் கை நின்றுவிடும். “அண்ணா, இதுக்கு மாடல் இல்லையா?” என்பதுதான் முதலில் வரும் கேள்வி. கம்ப்யூட்டரில் 3டி மாடல் இருந்தால் முகத்தின் மேல் ஒரு கிளிக் போதும், முகம் பார்க்கும் திசையைச் சொல்லும் ஐ, ஜே, கே மூன்றும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாடல் இல்லாவிட்டால் அந்த மூன்று எண்களையும் நாம்தான் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த மூன்று எண்களைப் பற்றியது.

எங்கள் பக்கத்தில் மாடல் வராத வேலைதான் அதிகம். எங்கள் பக்கம் என்றால் கஞ்சிக்கோடு, வாளையாறு. கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகிற 544ஆம் எண் நெடுஞ்சாலையில் எல்லையைத் தாண்டினால் வருகிற தொழிற்பேட்டை. மாநிலம் கேரளா, ஆனால் பட்டறைக்குள் காதில் விழுவதில் பாதி தமிழ். வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி ஊர்களிலிருந்து வருகிற பலருக்கு வீட்டு மொழியே தமிழ்தான். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு அந்த ஊர்களுக்குக் கிழக்கே விழுந்தது. வேலை வருவது பெரும்பாலும் கோயம்புத்தூர் பம்ப், வால்வு கம்பெனிகளிடமிருந்து. வார்ப்பு பாடி, ஹவுசிங், பிராக்கெட் இப்படி. கூட வருவது ஒரு பிடிஎஃப் டிராயிங், சில சமயம் அதன் ஜெராக்ஸ். எந்தக் காலத்திலோ பேட்டர்ன் செய்த ஜாப்புக்கு 3டி மாடல் யாரும் போட்டு வைத்திருக்க மாட்டார்கள். அதனால் கைக்கணக்கு தெரிந்த ஆளுக்கு இங்கே இன்னும் மதிப்பு உண்டு. மாடல் கையில் இருக்கும்போதும் அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு முகத்தின் சர்ஃபேஸ் வெக்டார் என்பது அந்த முகத்துக்குச் செங்குத்தாக, உலோகத்தை விட்டு வெளியே பார்க்கிற திசை. அதன் நீளம் 1. எக்ஸ் அச்சோடு அது செய்கிற கோணத்தின் கொசைன் ஐ. ஒய் அச்சோடு ஜே. இசட் அச்சோடு கே. பிளஸ் டூ கணக்கில் திசைக் கொசைன்கள் என்று படித்தோமே, அதேதான். மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1 வர வேண்டும். மேஜைக்கு இணையான மேல் முகம் 0, 0, 1. வலது பக்க முகம் 1, 0, 0. அடி முகம் 0, 0, −1. ப்ரோப் இந்தத் திசைக்கு நேர் எதிராக வந்து தொடும்.

துளையின் சுவரில் கொஞ்சம் கவனம் வேண்டும். உலோகத்தை விட்டு வெளியே என்றால் அங்கே துளையின் மையத்தை நோக்கி என்று பொருள். ‘வெளியே’ என்றவுடன் ஜாப்புக்கு வெளியே என்று எடுத்துக்கொண்டு குறியை மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, இந்த வெக்டார் மெஷினுக்கு எதற்கு? தொடும் நேரத்தில் மெஷினுக்குத் தெரிவது ப்ரோப் நுனியில் உள்ள ரூபி பந்தின் மையம் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். பந்தின் எந்த இடம் உலோகத்தில் பட்டது என்று அதற்குத் தெரியாது. மையத்திலிருந்து பந்தின் ஆரத்தை எந்தத் திசையில் கழித்தால் உண்மையான தொடுபுள்ளி வரும் என்பதை வெக்டார்தான் சொல்கிறது. 1972இல் டேவிட் மெக்மர்ட்ரி, பட்டவுடன் சிக்னல் தரும் டச் டிரிகர் ப்ரோபைக் கண்டுபிடித்தது கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சினுக்கான எரிபொருள் குழாய்களை அளக்க. அடுத்த வருடம் அதற்காகவே ரெனிஷா கம்பெனி தொடங்கியது. அந்தக் குழாய்கள் மெல்லியவை, பல பக்கம் வளைந்து போகிறவை. அங்கே தொடங்கிய இந்த ஆரக் கழிப்பு இன்றைக்கும் அப்படியேதான் நடக்கிறது. திசை சரியாக இருந்தால் புள்ளி சரி, தவறினால் புள்ளியும் தவறும்.

எவ்வளவு தவறும் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது. பந்தின் ஆரத்தை, ஒன்றிலிருந்து பிழைக் கோணத்தின் கொசைனைக் கழித்தால் வருவதோடு பெருக்க வேண்டும். 4 மில்லிமீட்டர் ரூபி என்று வைத்துக்கொள்வோம், ஆரம் 2. வெக்டார் 1 டிகிரி தவறினால் பிழை 0.0003 மி.மீ. யாரும் கவலைப்பட மாட்டார்கள். 5 டிகிரிக்கு 0.0076, அதாவது ஏழரை மைக்ரான். 10 டிகிரிக்கு 30 மைக்ரான். 30 டிகிரி முகத்தை மேல் முகம் என்று நினைத்து 0, 0, 1 கொடுத்துத் தொட்டால் 0.268. 45 டிகிரி என்றால் 0.586. முதல் சில டிகிரிகளில் ஒன்றும் தெரியாது, அப்புறம் திடீரென்று ஏறும். இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் போகும் என்பதையும் கவனியுங்கள். உலோகம் இருப்பதைவிட அதிகமாக இருப்பது போலவே காட்டும். ரிப்போர்ட்டில் ஒரு சாய்ந்த முகம் மட்டும் ஒவ்வொரு ஜாப்பிலும் ஒரே அளவு ‘மெட்டீரியல் கூட’ என்று வந்தால், மெஷினிங்கைச் சந்தேகப்படும் முன் அந்தப் புள்ளிகளின் வெக்டாரைத் திறந்து பாருங்கள்.

குறியே தலைகீழாகிவிட்டால் கதை வேறு. ஆரத்தைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிடும், பந்தின் முழு விட்டமும் பிழையாகும், 4 மி.மீ. அதற்கு முன்பே ப்ரோப் உலோகத்துக்குள்ளிருந்து வரப் பார்த்து, ஸ்டைலஸை (பந்தைத் தாங்கும் தண்டை) முறித்திருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். முகத்தைத் தளமாக எடுத்தால், பல புள்ளிகளைத் தொட்டு, பந்து மையங்களின் வழியாகவே தளத்தைப் பொருத்தி, கடைசியில் அந்தத் தளத்துக்குச் செங்குத்தாக ஒரே தடவை ஆரத்தைக் கழிக்கும் வழி சாஃப்ட்வேரில் உண்டு. அப்படி எடுக்கும்போது நாம் கொடுத்த வெக்டார் கொஞ்சம் பிசகினாலும் முடிவு தாங்கிக்கொள்ளும். ஒற்றை வெக்டார் பாயின்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கொடுத்த திசையைத்தான் அது நம்பும். அதனால்தான் இடம் இருந்தால் சாய்ந்த முகத்தில் ஒற்றைப் புள்ளி எடுக்காதே, குறைந்தது நாலு புள்ளி வைத்துத் தளமாக எடு என்று பையன்களிடம் சொல்கிறேன். அப்போதும் வெக்டார் ரொம்பத் தவறினால் பந்து சாய்வில் வழுக்கும், ஸ்டைலஸ் வளைந்து டிரிகர் தாமதமாகும், நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் போய்த் தொடும். தளமாக எடுப்பதும் எல்லாவற்றையும் காப்பாற்றாது.

இனி கணக்குக்கு வருகிறேன். ஒரே பக்கம் சாய்ந்த முகம் எளிது. மேல் முகத்தை எடுத்து, எக்ஸ் பக்கம் 30 டிகிரி சரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முகம் 30 டிகிரி சரிந்தால் அதன் செங்குத்தும் அதே 30 டிகிரி எக்ஸ் பக்கம் சாயும். ஐ என்பது சைன் 30, அதாவது 0.5. ஜே பூஜ்யம். கே என்பது கொசைன் 30, அதாவது 0.866. வர்க்கம் போட்டுக் கூட்டினால் 0.25ம் 0.75ம் சேர்ந்து 1.

சிக்கல் கணக்கில் இல்லை, டிராயிங்கைப் படிப்பதில் இருக்கிறது. ஒரு நாள் புதுப் பையன் பிராக்கெட் டிராயிங்கோடு வந்து நின்றான்.

“அண்ணா, இது 30 டிகிரிதானே? சைன் போடணுமா, காஸ் போடணுமா?”

“எதிலிருந்து 30 தம்பி?”

“டிராயிங்ல 30ன்னு போட்டிருக்குங்கண்ணா.”

“எந்தக் கோட்டுக்கும் எந்தக் கோட்டுக்கும் நடுவுலன்னு அம்புக்குறியைப் பாரு.”

பார்த்தால் அது செங்குத்துக் கோட்டிலிருந்து குறிக்கப்பட்ட 30. அப்படியென்றால் முகம் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி நிமிர்ந்து நிற்கிறது. வெக்டார் 0.866, 0, 0.5. எண்கள் அதேதான், இடம் மாறிவிட்டன. இதற்கு நான் சூத்திரம் எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஜாப்பைக் கையில் எடுத்து, முகம் பெரும்பாலும் மேலே பார்க்கிறதா, பக்கவாட்டில் பார்க்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். மேலே பார்த்தால் கே பெரியது. பக்கவாட்டில் பார்த்தால் ஐ அல்லது ஜே பெரியது. சைனா, காஸா என்பது அதற்கு அப்புறம் தானாக விழும். முகம் எக்ஸின் மைனஸ் பக்கம் பார்த்தால் ஐக்கு மைனஸ். குறியைக் கால்குலேட்டர் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும்.

எண்ணைச் சுருக்குவது பற்றி ஒரு வார்த்தை. 0.8660254 என்பதை 0.866 என்று போட்டால் ஒன்றும் ஆகாது, மொத்த நீளத்தைச் சாஃப்ட்வேரே 1 ஆக்கிக்கொள்ளும். ஆனால் சிலர் 0.5, 0, 0.9 என்று அடித்துவிடுகிறார்கள். அது 30 டிகிரி இல்லை, 29.05 டிகிரி. நாமினலிலேயே, அதாவது டிராயிங் கேட்கிற மதிப்பிலேயே, ஒரு டிகிரி போய்விட்டது. குறைந்தது நாலு தசமம் கொடுங்கள். காசா பணமா?

உண்மையில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இரண்டு பக்கமும் சாய்ந்த முகம், பட்டறைப் பேச்சில் காம்பவுண்ட் ஆங்கிள். இதை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல ஜாப் ரிஜெக்ட் ஆவதும் கெட்ட ஜாப் பாஸ் ஆவதும் நடக்கிறது.

ஒரு வால்வு பாடி. மேலே ஒரு பேட் (தட்டையான முகம்), அது இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கிறது. டிராயிங்கில் ஃப்ரன்ட் வியூவில் 30 டிகிரி, சைடு வியூவில் 20 டிகிரி, டாலரன்ஸ் இரண்டுக்கும் கூட்டல் கழித்தல் அரை டிகிரி. விஎம்சி என்கிற வெட்டு மெஷினில், சாய்த்து வைக்கக்கூடிய டில்டிங் டேபிள் வைத்து ஓட்டினார்கள். எங்கள் ரிப்போர்ட்டில் சைடு வியூ 20.0 என்று சுத்தமாக வந்தது. ஃப்ரன்ட் வியூ 31.6. விஎம்சி பார்த்த சேட்டன் நேராக இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கே வந்துவிட்டார். “நான் முப்பதும் இருபதும்தானே வெச்சேன், பின்னே எங்கேருந்து வந்தது ஒண்ணரை?” அவர் சொன்னதில் பொய் இல்லை. டேபிள் ரீடிங்கைப் போய்ப் பார்த்தால் 30, 20 அப்படியே நிற்கிறது. சி.எம்.எம். சொன்னதும் பொய் இல்லை.

விஷயம் இதுதான். டிராயிங் போட்டவர் நினைத்தது காட்சிக் கோணம். முன்னாலிருந்து பார்த்தால் கோடு 30 டிகிரி சரிந்து தெரிய வேண்டும், பக்கத்திலிருந்து பார்த்தால் 20 டிகிரி. சேட்டன் செய்தது சுழற்சி. முதலில் ஒய் அச்சைச் சுற்றி 30 சரித்தார், அப்புறம் எக்ஸ் அச்சைச் சுற்றி 20 சரித்தார். இரண்டும் ஒன்றல்ல.

காட்சிக் கோணத்துக்கு வெக்டார் போடுவது இப்படி. ஃப்ரன்ட் வியூவில் 30 டிகிரி என்றால் ஐக்கும் கேக்கும் உள்ள விகிதம் டேன் 30. சைடு வியூவில் 20 என்றால் ஜேக்கும் கேக்கும் உள்ள விகிதம் டேன் 20. ஆக கேயை 1 என்று வைத்துக்கொண்டால் திசை 0.5774, 0.3640, 1. இதன் நீளம் 1 இல்லை. மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.2107. மூன்றையும் அதனால் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.4769, 0.3006, 0.8260. டிராயிங் கேட்கிற முகம் இது.

சுழற்சிக்கு வெக்டார் வேறு. 0, 0, 1 என்பதை ஒய் அச்சைச் சுற்றி 30 திருப்பினால் 0.5, 0, 0.8660. அதை எக்ஸ் அச்சைச் சுற்றி 20 திருப்பினால் ஐ மாறாது. 0.8660 மட்டும் ஜேக்கும் கேக்கும் பங்காகப் பிரியும். 0.5, 0.2962, 0.8138. சேட்டன் வெட்டிய முகம் இது. இதில் ஜேயைக் கேயால் வகுத்தால் டேன் 20 சரியாக வரும், அதனால்தான் சைடு வியூ சுத்தம். ஐயைக் கேயால் வகுத்தால் 0.6144, அது 31.57 டிகிரி. ரிப்போர்ட்டில் வந்த 31.6 இதுதான். இரண்டு வெக்டாருக்கும் நடுவே ஒன்றரை டிகிரி. 60 மி.மீ. நீளமுள்ள பேடில் ஒன்றரை டிகிரி என்றால் ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல்.

அதே சுழற்சியை வரிசை மாற்றிச் செய்தால், முதலில் 20, அப்புறம் 30, இன்னொரு முகம் வரும். 0.4698, 0.3420, 0.8138. முந்தையதற்கும் இதற்கும் 3.1 டிகிரி வித்தியாசம். ஒரே 30, ஒரே 20, மூன்று வேறு வேறு முகங்கள். டிராயிங்கில் கோணத்தைப் பார்த்தவுடன் டேபிளைத் திருப்புகிறவர்களும் ஐ, ஜே, கே அடிக்கிறவர்களும் தயவுசெய்து இந்த ஒரு பத்தியைப் பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

தீர்வு என்ன? சேட்டன் பின்னால் வைக்கிற 20ஐ அப்படியே விட்டுவிடலாம். முதலில் வைக்கிற கோணத்தை மாற்ற வேண்டும். டேன் 30ஐக் கொசைன் 20ஆல் பெருக்கினால் 0.5425, அந்தக் கோணம் 28.48 டிகிரி. டேபிளில் 28.48 வைத்து, அப்புறம் 20 வைத்தால் டிராயிங் கேட்ட முகமே வரும். அடுத்த ஜாப்பை அப்படி வைத்து வெட்டிக் கொண்டுவந்தார். ஃப்ரன்ட் வியூ, சைடு வியூ இரண்டும் டாலரன்ஸுக்குள் உட்கார்ந்தன. அதற்குப் பிறகு காம்பவுண்ட் ஆங்கிள் எது வந்தாலும் மெஷினில் ஏற்றும் முன்னால் டிராயிங்கோடு எங்கள் ரூமுக்கு வருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. இப்படி வருவதுதான் சரியான முறை என்று நினைக்கிறேன். வெட்டுகிறவரும் அளக்கிறவரும் ஒரே வெக்டாரை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் சண்டைக்கே இடமில்லை.

ஒன்று பாருங்கள், அந்த முகத்தின் வெக்டாருக்கும் இசட் அச்சுக்கும் 3டி கோணம் கேட்டால் சாஃப்ட்வேர் 34.31 என்று காட்டும். 30ம் இல்லை, 20ம் இல்லை. கஸ்டமர் இன்ஸ்பெக்டர் இதைப் பார்த்துப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தின் மேல் ஒரு சொட்டு கூலன்ட் விட்டால் அது எக்ஸிலிருந்து 32 டிகிரி திரும்பி, 34.31 டிகிரி சரிவில் ஓடும். அதுதான் முகத்தின் உண்மையான சரிவு. 30, 20 என்பவை அந்தச் சரிவு இரண்டு ஜன்னல்களில் தெரிகிற தோற்றங்கள். ரிப்போர்ட் எடுக்கும்போது எந்தத் தளத்தில் வீழ்த்திய கோணம் வேண்டும் என்பதைத் தெளிவாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த பள்ளம் ஃபர்ஸ்ட் ஆங்கிள், தேர்ட் ஆங்கிள். டிராயிங்கில் வியூக்களை அடுக்கும் இரண்டு முறைகள் இவை. நம் ஊர்க் கல்லூரிகளில் சொல்லிக் கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் எஸ்பி 46 சொல்வதும் அதைத்தான். அமெரிக்க டிராயிங் வந்தால் தேர்ட் ஆங்கிள். வலது பக்கம் வரைந்திருக்கிற வியூ ஃபர்ஸ்ட் ஆங்கிளில் இடப்பக்கமிருந்து பார்த்தது, தேர்ட் ஆங்கிளில் வலப்பக்கமிருந்து பார்த்தது. மாற்றிப் படித்தால் முன்னால் சரிகிற முகம் பின்னால் சரிவது போலத் தெரியும், ஜேயின் குறி மாறிவிடும். மேலே சொன்ன பேடில் 0.3006க்குப் பதிலாக −0.3006 போட்டால் முகம் 35 டிகிரி வேறு பக்கம் பார்க்கும். வர்க்கக் கூட்டல் சோதனை இதைப் பிடிக்காது, அது 1 என்றுதான் காட்டும். டைட்டில் பிளாக்கில் உள்ள அந்தச் சின்னக் கூம்புக் குறியை எத்தனை பேர் பார்க்கிறோம்? முதலில் அதைப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சில டிராயிங்கில் கோணமே இருக்காது. முகத்தின் மூலைகளுக்கு எக்ஸ், ஒய், இசட் மட்டும் கொடுத்திருப்பார்கள். அதுதான் உண்மையில் எளிது. மூன்று புள்ளிகள் போதும். முதல் புள்ளி 0, 0, 0. இரண்டாவது 40, 0, −30. மூன்றாவது 0, 50, 0. முதலிலிருந்து இரண்டாவதுக்கு ஒரு வெக்டார், முதலிலிருந்து மூன்றாவதுக்கு ஒரு வெக்டார், இரண்டுக்கும் குறுக்குப் பெருக்கல் (கிராஸ் ப்ராடக்ட்). வருவது 1500, 0, 2000. நீளம் 2500. வகுத்தால் 0.6, 0, 0.8. இரண்டாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பெருக்கினால் −0.6, 0, −0.8 வரும், அது உலோகத்துக்குள் பார்க்கிற திசை. வெளியிலிருந்து முகத்தைப் பார்க்கும்போது மூன்று புள்ளிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வரிசையாக இருந்தால் வெக்டார் உங்களை நோக்கி வரும். புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்று எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எந்த அளவும் சரியாக இல்லாத ஜாப்புக்கு இதே வழியை மெஷினிலும் செய்யலாம். ஜாய்ஸ்டிக்கால் மெதுவாக மூன்று புள்ளி தொட்டு ஒரு தளம் எடுங்கள். அது கொடுக்கிற வெக்டாரை வைத்து அதே முகத்தை ப்ரோகிராமில் மறுபடி தொடுங்கள். முதல் தடவையின் சறுக்கல் இரண்டாவதில் பெரும்பாலும் போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அளந்து வந்த வெக்டாரை ப்ரோபை ஓட்டப் பயன்படுத்தலாம், நாமினலாக ஒட்டக் கூடாது. நாமினல் என்பது முகம் எப்படி இருக்க வேண்டும் என்பது, அது டிராயிங்கிலிருந்து மட்டும்தான் வர வேண்டும். அளந்ததையே நாமினலில் ஒட்டினால் விலகல் பூஜ்யம் என்று அழகாக வரும், ரிப்போர்ட் பச்சையாக இருக்கும், ஜாப் மட்டும் கஸ்டமர் இடத்தில் உட்காராது. மாடலில் கிளிக் செய்து வெக்டார் எடுக்கும்போதும் இதே ஆபத்து உண்டு. மாடல் பழைய ரிவிஷனாக இருக்கலாம். யாரோ சுழற்சியாக மாடல் போட்டிருக்கலாம், டிராயிங் காட்சிக் கோணமாக இருக்கலாம். கைக்கணக்கு தெரிந்த ஆள் அந்த 0.5ஐப் பார்த்தவுடன் நிறுத்தி, “இது 0.4769 இல்ல வரணும்?” என்று கேட்பான். மாடல் இருந்தாலும் கணக்கு வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

அலைன்மென்ட், அதாவது அச்சுகளை ஜாப்போடு பொருத்துவது, பற்றிச் சுருக்கமாக. வெக்டாருக்கு இடம் கிடையாது, திசை மட்டும்தான். ஆரிஜினை நகர்த்தினால் புள்ளியின் எண்கள் மாறும், வெக்டார் மாறாது. அச்சைத் திருப்பினால் வெக்டாரும் மாறும். ஃபிக்சரில் ஜாப் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் ஜாப்பின் டேட்டத்தில் (அளவுகளுக்கு ஆதாரமான முகங்களில்) அலைன்மென்ட் எடுத்துவிட்டால் டிராயிங் வெக்டார் அப்படியே செல்லும். சாய்ந்த முகத்தில் துளைகள் நிறைய இருந்தால் அந்த முகத்தின் மேலேயே ஒரு அலைன்மென்ட் போட்டு இசட்டை அதற்குச் செங்குத்தாகத் திருப்பிவிடுவது எனக்குப் பிடித்த வழி. அங்கே எல்லாம் 0, 0, 1 ஆகிவிடும். வேலை முடிந்ததும் பழைய அலைன்மென்ட்டைத் திரும்பக் கூப்பிட மறக்கக் கூடாது.

ப்ரோப் ஹெட் கோணத்தையும் வெக்டாரையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ப்ரோபைத் திருப்பிப் பிடிக்கிற ரெனிஷாவின் பிஎச்10 ஹெட் ஏழரை டிகிரி படிகளில்தான் நிற்கும். ஏ கோணம் (சாய்வு) 0 முதல் 105 வரை, பி கோணம் (சுழற்சி) இரு பக்கமும் 180, மொத்தம் 720 நிலைகள். நம் பேடின் சரிவு 34.31. ஹெட்டில் அது கிடைக்காது, கிட்டத்தில் இருப்பது 37.5. திசை 32.2, கிட்டத்தில் இருப்பது 30. ஸ்டைலஸ் தண்டு முகத்துக்கு மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்று அவசியமே இல்லை. தண்டு எங்கும் உரசாமல் பந்து மட்டும் தொட்டால் போதும். தொடுகிற பாதை வெக்டாரின் வழியே வர வேண்டும், அதை மெஷினின் மூன்று அச்சுகளும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும். ஹெட் 37.5இல் நிற்கிறது என்பதற்காக வெக்டாரையும் 37.5க்கு மாற்றாதீர்கள். பயன்படுத்துகிற ஒவ்வொரு ஹெட் நிலையையும் மாஸ்டர் பாலில் கேலிப்ரேட் செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக எங்கள் ஊர் வெயில். பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். அளவுக்கான உலகப் பொது வெப்பநிலை 20 டிகிரி. 500 மி.மீ. அலுமினிய ஹவுசிங் 35 டிகிரியில் மேஜைக்கு வந்தால் 0.17 மி.மீ. நீண்டிருக்கும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடாகியிருந்தால் கோணம் மாறாது. மொத்த ஜாப்பும் ஒரே விகிதத்தில் பெரிதாகிறது, வெக்டார் அதேதான். ஒரு பக்கம் மட்டும் சூடானால்தான் ஜாப் வளைந்து முகம் திரும்பும். வண்டியில் ஒரு பக்கம் வெயில் பட்டு வந்த ஜாப், ஒரு பக்கம் மட்டும் வெட்டி முடித்து உடனே வந்த ஜாப், இவற்றை இறக்கியவுடன் ஏற்றாதீர்கள். ஏசி ரூமில் ஊறட்டும். அவசரம் என்று சூப்பர்வைசர் சார் நின்றால், நீள அளவுகள் எதுவும் இப்போது தர முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சீராகச் சூடான ஜாப்பில் கோணத்தை மட்டும் வேண்டுமானால் பார்த்துச் சொல்லலாம்.

நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு தருகிறேன். ஃப்ரன்ட் வியூவில் முகம் எக்ஸின் பிளஸ் பக்கம் 45 டிகிரி சரிகிறது, சைடு வியூவில் ஒய்யின் மைனஸ் பக்கம் 45 டிகிரி. இரண்டும் காட்சிக் கோணங்கள். வெக்டார் 0.5774, −0.5774, 0.5774 என்று வர வேண்டும், சரிவு 54.74 டிகிரி. 0.7071, −0.5, 0.5 என்று வந்திருந்தால் நீங்கள் டேபிளைத் திருப்பியிருக்கிறீர்கள், டிராயிங் கேட்ட முகத்திலிருந்து 9.7 டிகிரி தள்ளி நிற்கிறீர்கள். பிஎச்10 ஹெட்டுக்கு ஏ 52.5 வைத்துக்கொள்ளலாம். பி கோணம் 45இன் வரிசையிலேயே விழும், எந்தக் குறி என்பது உங்கள் மெஷினில் ஹெட் மாட்டியிருக்கிற விதத்தைப் பார்த்து.